காலையில் வரும் ஒருவர்

மண்ணியல் துறைப் பேராசிரியரை மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'மண்ணு வாத்தியார்' என்று கூப்பிடுவார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வந்ததில்லை. வீட்டில் கூப்பிட ஆளில்லாதவருக்கு வெளியில் எந்தப் பெயராக இருந்தால் என்ன?

மனைவி போய் நான்கு வருடமாகிறது. ஒரே மகன் கடல் தாண்டி இருக்கிறான். அவன் புது வேலையில் சேர்ந்த சமயத்தில்தான் அவளுக்கு நோய் முற்றியது. இப்போது சொல்லி அவனைக் கலக்க வேண்டாம் என்று பேராசிரியர் மறைத்துவிட்டார். கடைசியில் அவன் அடித்துப் பிடித்து வந்தபோது அம்மாவுக்கு நினைவில்லை. திரும்பிப் போகிற அன்று, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேச விடாம பண்ணிட்டீங்களேப்பா" என்றான். அதோடு பேச்சு அற்றுப்போயிற்று.

அதற்குப் பிறகுதான் பேராசிரியர் சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கினார். பெயருக்கு மண் பற்றிய குறிப்புகள். களிமண் எப்படி ஈரம் பிடிக்கிறது என்று ஆரம்பிப்பார். மூன்றாவது பத்தியில் சமையலறைக் குழாய் ஒழுகியதும், அதைச் சரிசெய்யப் போய் அவர் தொப்பலாக நனைந்ததும் வந்துவிடும். பல்கலைக்கழகத் தளத்தில் அவருக்கென்று இருந்த பக்கத்தின் அடியில், 'தனிப்பட்ட தளம்' என்று அதற்கு ஓர் இணைப்பு கொடுத்திருந்தார்கள்.

அந்த வழியாகத் தினமும் காலை ஆறு மணி வாக்கில் ஒருவர் வருவார். ஒரே ஒருவர். வருகைக் கணக்கு அப்படித்தான் காட்டியது. மாணவர்களாக இருக்க முடியாது. மதிப்பெண் இல்லாத எதையும் அவர்கள் தொடுவதில்லை. இங்கே காலை ஆறு என்றால் மகன் இருக்கும் ஊரில் மாலை, வேலை முடியும் நேரம். பேராசிரியருக்கு அதற்கு மேல் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. நேரில் கேட்க வீம்பு விடவில்லை, எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். அவருக்கு அதுவே போதும். ஆறு மணிக்குள் ஏதாவது எழுதி வைத்துவிடுவார், விருந்தாளி வருவதற்குள் வீடு பெருக்குவது போல.

அப்போதுதான் புது விதி வந்தது. பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து சொந்தத் தளத்துக்கு இணைப்பு வேண்டுமென்றால், 'இங்குள்ள கருத்துகளுக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பல்ல' என்று அந்தத் தளத்தின் மேலேயே போட வேண்டும். பாடமும் ஆராய்ச்சியும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இணையப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

"சார், பொறுப்பல்லன்னு ஒரு வரி போட்டுடுங்க. அப்புறம் இந்தக் குழாய், கொசுவலை, கொடியில காயப்போட்ட சட்டை பறந்து போனது... இதையெல்லாம் எடுத்துடுங்க."

"எடுத்தா என்னம்மா மிஞ்சும்?"

"மண்ணு மிஞ்சும் சார்" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மண்ணைப் பார்க்க யாரும் அவ்வளவு தூரத்துலேருந்து வரமாட்டாங்க."

"விதி நான் போட்டது இல்ல சார். நீங்க எடுக்கலைன்னா நான் இணைப்பை எடுத்தாகணும்."

அவர் எடுக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள் எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை கணக்கில் பூஜ்யம். அதற்கு மறுநாளும் பூஜ்யம். பேராசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழக்கமாக வரும் வாசலை அடைத்துவிட்டார்கள். பையன் வழி தெரியாமல் நிற்பானே. முகவரியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று போனை எடுத்தார். எண் மாறியிருக்குமோ என்ற பயம் வேறு.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அப்பா? உடம்புக்கு என்ன? இந்தத் தடவையாவது மறைக்காம சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்கேன். அந்த இணைப்பை எடுத்துட்டாங்க, அதைச் சொல்லத்தான்..."

"எந்த இணைப்பு?"

"என்னோட தளம்டா. நீ தினம் பார்க்கிறியே."

மறுமுனையில் வண்டிகள் இரைந்தன.

"உங்களுக்குத் தளம் இருக்கா? எனக்குத் தெரியாதேப்பா."

"அப்படியா" என்றார் பேராசிரியர். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

"இனிமேதான். வண்டி ஓட்டிட்டிருக்கேன்ப்பா. முகவரி அனுப்புங்க, முடிஞ்சப்போ பார்க்கறேன்."

அனுப்பினார். அலுவலகம் திறந்ததும் நேரே இணையப் பிரிவுக்குப் போய் அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்தார்.

"அப்போ தினம் காலையில வந்தது யாரும்மா?"

அவள் கணினியில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"ஆள் இல்ல சார். எங்க புரோகிராம். பல்கலைக்கழகத் தளத்துல இருக்கற எல்லா இணைப்பையும் தினம் காலையில ஒவ்வொண்ணா திறந்து பார்க்கும். செத்துப்போன இணைப்பு இருந்தா எனக்குச் சொல்லும். உங்களது எப்பவும் உயிரோட இருந்தது, அதான் நான் கவனிக்கவே இல்ல."

நான்கு வருடமாகக் கொசுவலை கிழிந்த கதையை எந்திரத்துக்குச் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது. சிரிப்புதான் முதலில் வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது.

அவருடைய முகத்தைப் பார்த்து அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. "சார், மேல பேசியிருக்கேன். வீட்டு விஷயத்தைத் தனிப் பக்கமா வெச்சுக்கிட்டா போதும்னுட்டாங்க. இன்னிக்கே இணைப்பைத் திரும்பப் போட்டுடறேன்."

"வேண்டாம்மா."

"இதுக்குத்தானே சார் அவ்வளவு மல்லுக்கட்டினீங்க?"

"நீ போட்டுட்டா உன் புரோகிராம் தினம் வந்துடும். நாளைக்கு ஒருத்தர் வந்தார்னு காட்டினா, அது என் பையனா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவள் இணைப்பைப் போடாமலே அந்தப் பக்கத்தை மூடினாள்.

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே விழித்துவிட்டார். தேநீர் போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். ஆறு அடித்தது, ஆறரை ஆயிற்று. தேநீர் ஆடை கட்டியது. கணக்கில் பூஜ்யம்.

புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தார். பழக்க தோஷத்தில் களிமண் என்று ஆரம்பித்தவர், அந்தச் சொல்லை அழித்தார். பிறகு எழுதினார்:

'உன் அம்மாவுக்கு இன்ன நோய் என்று மருத்துவர் சொன்ன அன்று, அறையை விட்டு வெளியே வந்ததும் அவள், "பையனுக்குப் போன் போடுங்க" என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னவன் நான்தான்.'