ஓரகத்தியின் முறை

வீட்டில் நான் மூத்தவள். வேலையில் அவள் மூத்தவள். எங்களுக்குள் வந்த வினை எல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

நானும் என் ஓரகத்தியும் ஒரே நாளில் விமானப் பணிப்பெண்களாகச் சேர்ந்தவர்கள். ஒரே பயிற்சி வகுப்பு, ஒரே பெஞ்சு, வாடி போடி பழக்கம். பிறகு நான் ஒரு வீட்டின் மூத்த பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். என் கல்யாணத்துக்கு வந்தவள் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை, என் கொழுந்தனையும் பார்த்து வைத்துக்கொண்டு போனாள். அடுத்த வருடமே அதே வீட்டு மாடிக்குக் குடிவந்துவிட்டாள். மூத்த மருமகளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மாமியார் அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் வீட்டு வாசலுக்குள் நான் அக்கா, வாங்க, போங்க. விமானத்தில் கால் வைத்ததும் பழையபடி வாடி, போடி.

நிறுவனமும் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்கு எங்கள் மாமியாரைத் தெரியாது. வேலையில் சேர்ந்த தேதிதான் வரிசை. ஒரே தேதியில் சேர்ந்தவர்கள் என்றால் வயதில் பெரியவர் முன்னால். அவள் என்னைவிடச் சில மாதங்கள் பெரியவள். விமானங்கள் ஓடாமல் நின்றுபோய் ஆட்களைக் குறைத்தபோது வரிசையின் வாலிலிருந்து பிடுங்கினார்கள். முதலில் நான் போனேன், பின்னாலேயே அவள் வந்தாள். இப்போது மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். இந்தத் தடவை தலையிலிருந்து. முதலில் அவள், அப்புறம் நான். இந்த வருடம் முடிவதற்குள் கூப்பிடாவிட்டால் எங்களைக் கூப்பிட வேண்டிய கட்டாயமே அவர்களுக்குக் கிடையாது. அதற்குப் பிறகு நான் சாகும்வரை மெத்தைக் கடையில்தான்.

மெத்தைக் கடை ஒன்றும் கேவலமான இடம் இல்லை. ஆனால் மேகத்துக்கு மேலே நின்று வேலை பார்த்தவளுக்கு, படுத்துப் பார்த்துவிட்டு "யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்து போகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரிப்பது தண்டனை. எனக்கு அந்த வேலை திரும்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

விமானக் கதவருகே நின்று வரவேற்கும்போது நாங்கள் சும்மா சிரிப்பதில்லை. யார் குடித்திருக்கிறார், யார் காய்ச்சலை மறைக்கிறார், யார் வம்புக்கு வருகிறார் என்று அந்தச் சிரிப்புக்குள்ளேயே எடை போட்டுவிட வேண்டும். வேலை போனாலும் அந்தக் கண் போகவில்லை. கடைக்குள் நுழைகிற ஜோடியைப் பார்த்தே குறட்டை யாருடையது என்று சொல்லிவிடுவேன். "உனக்கு எதுல தான் சந்தேகம் இல்ல?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் மேல் இல்லை, அதற்கு அவர் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கண்ணுக்கு ஓரகத்தியின் நடவடிக்கை பிடிபடத் தொடங்கியது. தடதடவென்று மாடிப்படி இறங்குகிறவள், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பூனை மாதிரி இறங்கினாள். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதானே? காலையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போனாள். கேட்டால் பேங்க் என்றாள். தினமும் பேங்க்குக்குப் போக அவள் என்ன மேனேஜரா? சாயங்காலம் என் தலைக்கு மேலே தரையில் தொம் தொம்மென்று சத்தம். உடற்பயிற்சி. எனக்குப் புரிந்துவிட்டது. திரும்ப எடுக்கிறவர்களுக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை உண்டு. அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், என்னிடம் மறைத்துக்கொண்டு தயாராகிறாள்.

அவளைக் கூப்பிடுவது நியாயம்தான், அவள் முறைதான். மறைப்பானேன்? மறைக்கிறாள் என்றால் அதில் எனக்குக் குழி இருக்கிறது. கண்கொத்திப் பாம்பாக அவளைக் கவனித்தேன். ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்து, எந்தச் சந்து வழியாக என்னை ஏமாற்றுவார்கள் என்று ஒரு விதி விடாமல் படித்தேன். இப்போது எங்கே எழுப்பிக் கேட்டாலும் மனப்பாடமாக ஒப்பிப்பேன்.

அப்போதுதான் அழைப்பு வந்தது. எனக்கு.

மெத்தை உறையை மடித்துக்கொண்டிருந்தேன். பணியாளர் அலுவலகத்திலிருந்து பேசிய பெண், உங்கள் முறை வந்திருக்கிறது, பரிசோதனைக்கு வாருங்கள் என்றாள். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ சந்தேகம்தான் முதலில் வந்தது. அவளைத் தாண்டி எனக்கு எப்படி வரும்? அவள் இதைவிடப் பெரிதாக எதையோ பிடித்துவிட்டாள். பயிற்சி கொடுக்கிற வேலை வாங்கியிருப்பாள், அதற்கு வரிசை கிடையாது. நாளைக்கு நான் வகுப்பில் போய் உட்கார்ந்தால் முன்னால் நின்று எனக்குப் பாடம் எடுப்பாள்.

நானும் அவளிடம் சொல்லவில்லை. அவள் வாயால் வரட்டும் என்று இருந்தேன். துணி காயப்போடும்போது "என்ன விசேஷம்?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். உனக்கு என்ன விசேஷம் என்றேன். அவளும் ஒன்றும் இல்லை என்றாள். இரண்டு பேரும் பயணிகளுக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துக்கொண்டோம்.

பரிசோதனையில் தேறிவிட்டேன். மறுநாள் வந்து வேலை ஏற்புக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வெளியே வந்தால் சங்கச் செயலாளர் நின்றிருந்தார். அவரை நாங்கள் ஆக்ஸிஜன் என்போம். எவ்வளவு தலைபோகிற விஷயமாக இருந்தாலும், முதல்ல நிதானமா மூச்சு விடுங்க என்பார். மாடி வீட்டு அம்மாவுக்கு எந்த நாற்காலியைப் பிடித்துக் கொடுத்தீர்கள் என்று நறுக்கென்று கேட்டேன். அவர் விழித்தார்.

"அவங்க மறுத்துட்டாங்களேம்மா. வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதனாலதான் உங்கள கூப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மறுத்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்ப எப்போதும் சேர்க்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியாதா? அவளிடம் பேசிப் பார்த்தீர்களா என்றேன். அலுவலகத்தில் கொடுத்த பிறகுதான் தனக்கே தெரியும், போன் செய்தால் எடுக்கவில்லை என்றார். வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"அடுத்த ஆள் கையெழுத்துப் போடற வரைக்கும் வாங்கலாம். அடுத்த ஆள் நீங்கதான். நாளைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள நீங்களும் போடலேன்னா இடம் உங்களுக்கு அடுத்தவங்களுக்குப் போயிடும். இதுதான் கடைசி இடம்மா. நல்லா மூச்சு விட்டு யோசிங்க."

அவரே தன் காரில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். 

நேராக மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டில் காலில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். வலது முட்டி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் புடவையை இழுத்து மூடினாள். அப்புறம், மூடி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, விட்டுவிட்டாள்.

மொட்டைமாடியில் துணியெடுக்கப் போய் வழுக்கி விழுந்திருக்கிறாள். தினமும் போனது பேங்க்குக்கு இல்லை, பிசியோதெரபிக்கு. இந்த முட்டியோடு பரிசோதனைக்குப் போனால் தேற மாட்டாள். தேறாதவர்களை ஒரேயடியாக வெளியே தள்ளிவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

"அதான் என் முறைய உனக்கு விட்டேன்டீ," என்றாள், வீட்டுக்குள் என்பதையே மறந்து. "உன் முறை வரும்போது நான் போறேன். அதுக்குள்ள கால் சரியாயிடும். நாம பண்ணாததா? உன் பிளைட்ட நான் எடுப்பேன், என் பிளைட்ட நீ எடுப்பே."

உண்மைதான். எத்தனையோ தடவை மாற்றிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிளைட் வேண்டாம் என்று ஒருத்தி எழுதிக் கொடுப்பாள், மற்றவள் போவாள், அப்புறம் அவளுடையதை இவள் செய்வாள். இந்த வேலையில் இருந்த எவளுக்கும் கை தானாக அப்படித்தான் எழுதும். மறுப்பு என்று போட்டிருந்த படிவத்தை அவள் அந்தப் பழக்கத்தில்தான் நிரப்பியிருக்கிறாள். நானாக இருந்தால் படித்திருப்பேன். எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லாததால் படித்திருப்பேன்.

என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"முட்டி விஷயம் தெரிஞ்சா நீ போய்ச் சொல்லிடுவியோன்னு பயம்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு ஒரு தகுதியும் இல்லை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. அது மாற்றிக்கொள்வது இல்லை, உன் பெயரையே எடுத்துவிட்டார்கள் என்று போட்டு உடைத்தேன். அவள் பட்டையைப் பாதத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள்.

மீதி இருந்தது. அதைச் சொன்னால் என் இடம் போய்விடும். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவள் எழுந்திருக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து நானே போய் மோந்து குடித்தேன். முழுச் செம்பையும் குடித்தேன். சொல்லாமல் கீழே இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. அவள் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் உட்காரும் முக்காலி ஒன்று புதிதாகக் கிடந்தது. குனிய முடியாமல் அதை வாங்கியிருக்கிறாள். திரும்பி வந்து சொன்னேன். உடம்பு முடியாதவர்கள் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் போதும். குணமாகிற வரை இடத்தை அவர்களுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். பரிசோதனை அதற்குப் பிறகுதான். நாளைக்கு நான் கையெழுத்துப் போடுவதற்குள் நீ வந்து மறுப்பை வாபஸ் வாங்கு. இடம் உன்னுடையது.

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கதவருகே நின்று எடை போடுகிற பார்வை.

"உங்கள கூப்பிட்டு இத்தன நாளாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா அக்கா?"

அக்கா வந்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

"நீங்க எப்போ சொல்வீங்கன்னு தினம் பாத்துக்கிட்டிருந்தேன். வாயே திறக்கல. இன்னிக்கு ஆக்ஸிஜன் கார்ல வந்து இறங்கறீங்க, ஓடி வந்து எனக்கு நல்லது சொல்றீங்க. நான் போய் வாபஸ் வாங்குவேன். சரி, வா, முட்டியக் காட்டுன்னுவாங்க. மொத்தமா தள்ளிடுவாங்க. அதோட வீட்டுலயும் நீங்கதான் மூத்தவங்க, வேலையிலயும் நீங்கதான் மூத்தவங்க."

ஒப்பந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த விதியைக் காட்டினேன். இது பழைய ஒப்பந்தம், இப்போது மாற்றியிருப்பார்கள் என்றாள். ஆக்ஸிஜனுக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவர் உங்க ஆள் என்று சொல்லி, பேசாமலே திருப்பிக் கொடுத்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் அடித்துப் பேசியிருப்பேன்.  அவள் இடத்தில் நான் இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து இப்படித்தான் யோசித்திருப்பேன்.

கொழுந்தனிடம் சொன்னேன். அவர் பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் மேலே போய்ப் பேசிவிட்டு இறங்கி வந்தார். அக்கா சொல்லி அனுப்பினாங்களா என்று கேட்டாளாம்.

மறுநாள் அலுவலகம் திறந்ததுமே போய் உட்கார்ந்தேன். கையெழுத்து வாங்கும் பெண் காலையிலேயே கூப்பிட்டாள். ஒருத்தர் வரணும், காத்திருக்கிறேன் என்றேன். ஒவ்வொரு தடவை கண்ணாடிக் கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். கொழுந்தனுக்குப் போன் செய்தேன். அவ குளிக்கப் போயிருக்கா அண்ணி என்றார். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு போன் செய்தேன். அவ தூங்கறா அண்ணி என்றார். ஆக்ஸிஜன் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேசைகளைத் துடைக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போடறீங்களா இல்லையா என்றாள்.

போட்டேன்.

என் பெயரை எழுதி முடித்தபோது மனசு துள்ளியது. வெட்கமே இல்லாமல் துள்ளியது. காலையிலிருந்து அந்தக் கதவை நான் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் வந்துவிடக் கூடாதே என்றுதான்.