ஈரக் கொழுந்து

வேலம்மாவின் இரத்தத்தில் பத்து இருக்க வேண்டும். நான்குதான் இருந்தது.

சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டதால், ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து, ஆஸ்பத்திரி மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். தன்னுடைய ஒன்றைக் கொடுக்கத் தம்பி அழகமுத்து தயார். டொக்டர் சுந்தரலிங்கம்தான் அசையவில்லை. ஈரல் காமாலைக்குப் போட்ட தடுப்பூசி உடம்பில் பிடித்து, எதிர்ப்புச் சக்தி பத்தைத் தாண்டினால்தான் ஆபரேஷன் என்றார். மெஷினில் படுப்பவர்களுக்கு அது லேசில் பிடிக்காதாம். மற்றவர்களுக்குப் போடுவதைப்போல இரண்டு மடங்கு போட்டும் நான்கோடு நின்றது. மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். அந்த ஊசியின் வீரியத்தில், அவளைக் கடித்த கொசு ஒன்றுக்குக்கூட அந்த வருடம் காமாலை வரவில்லை. கொசுவுக்குப் பிடித்தது அவளுக்குப் பிடித்ததா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

2008 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை அதைப் பார்க்க இரத்தம் எடுக்க வரச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள் வேலம்மா. நிறை போதாதென்று தெரிந்தால் கங்காணி பார்க்காத நேரம் கூடையில் தண்ணீர் தெளிக்க வேண்டும், தராசு தானாக இறங்கும். இரத்தத்துக்கு மட்டும் வேறு நியாயமா? ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் என்ற டொக்டரின் கட்டளையை மறந்து, விடிந்ததும் மூன்று செம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். மெஷினுக்காக இரத்தக் குழாய்களை இணைத்திருந்த அவளுடைய இடது கை எப்போதும் உறுமும். தொட்டுப் பார்த்த சிப்பாய் இரண்டடி பின்வாங்கினார். இரத்தம் ஓடுகிற சத்தம் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். அவர் காதை வைத்துக் கேட்டு, தொப்பியைக் கழற்றி, ஒரு பையைக்கூடத் திறக்காமல் பஸ்ஸை அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஸுபைதா மிஸ்ஸி அவளைத் தராசில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மூணு கிலோ கூடியிருக்கு. வயித்துக்குள்ள யார ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"தண்ணிதான் மிஸ்ஸி. கொழுந்துல தெளிச்சா நெற ஏறும்ல. அதான் ரத்தத்துக்கும்…"

"ரத்தத்த நாங்க நிறுக்குறதில்ல வேலம்மா. பிளேன்டீயில பச்சத்தண்ணி ஊத்தினா சாயம் ஏறுமா, எறங்குமா?"

வேலம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பாதி தண்ணீரால், பாதி பயத்தால். தன் கையாலேயே தம்பியின் கிட்னிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோமே என்று நினைத்தாள். மிஸ்ஸி இரத்தத்தை எடுத்துக்கொண்டு அவளை மெஷினில் போட்டார். அடுத்த செவ்வாய் வரை அவள் நாக்கை நனைத்ததோடு சரி. கோயில் தீர்த்தத்தைக்கூட உள்ளங்கையில் வாங்கித் தலையில் தடவிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை டொக்டர் காகிதத்தைப் பிரித்தார். ஒரு தடவை படித்தார். திருப்பி அவள் பெயரைப் பார்த்தார்.

"அறுபத்தொன்று."

"பத்துக்கு மேலயா கீழயா சார்?" அவளுக்கு எண்ணத் தெரியும். யாராவது சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"மேலே அம்மா. நல்லா மேலே."

கூட வந்திருந்த அழகமுத்து எழுந்து நின்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான். மூன்றாவது பொத்தானில்தான் டொக்டர் கவனித்தார்.

"இன்றைக்கு இல்லை தம்பி. ஆபரேஷன் ஆகஸ்ட் பதினெட்டு."

"பரவால்ல சார், வந்தது வந்துட்டேன்," என்றான் அழகமுத்து, நான்காவது பொத்தானில் கையை வைத்தபடி.