பேனா சத்தம்

பூவனலிங்கத்துக்குப் பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு. அவன் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதுவது நான். வரலாறு தெரியாத, வேதியியல் படித்தவள் என்பதால் அனுமதித்தார்கள். கேள்வியை வாசித்த பிறகு நான் வாய் திறப்பதில்லை. என் சுபாவம் அது.

"அக்கா, இருக்கியளா, வீட்டுக்குப் போயிட்டியளா?" என்று கேலி செய்வான். பேனாவால் மேசையில் தட்டுவேன். சிரிப்பான்.

ஒரு தாளுக்கு முந்நூறு ரூபாய். அவன் அம்மா சுப்புத்தாய் தீப்பெட்டி ஆபீஸ் கூலியிலிருந்து கொண்டுவந்து கையில் திணிப்பாள். மறுத்தால், "சும்மா எழுதுனா நாளைக்கு வரமாட்டிய தாயி" என்பாள்.

கடைசித் தாளுக்கு முந்தின நாள், இந்தக் காசைக் கல்லூரி தரக்கூடாதா என்று கேட்க அலுவலகத்தில் போய் நின்றேன்.

"ஆள் போட்டுக் காசு குடுக்க வேண்டியது காலேஜுதாம்மா" என்றார் எழுத்தர் கார்த்திகேசன். "நீதான் தவறாம வந்துருதியே. பொறவு நாங்க எதுக்கு மெனக்கெடணும்?"

எனக்குச் சண்டை போட வராது. நான் போகாவிட்டால் ஆள் போட்டுத்தானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். சுப்புத்தாயிடம் சொன்னால் விடமாட்டாள். யாரிடமும் சொல்லாமல் மறுநாள் வீட்டில் இருந்துவிட்டேன்.

ஆள் போடவில்லை.

அறைக் கண்காணிப்பாளர் பிறகு சொன்னார். "கேள்விய ஒரு தடவ வாசிச்சிட்டு, ஆள் வரும், இருன்னு சொல்லி ஆபீஸுக்குப் போனேன். திரும்பி வந்தா பேசிக்கிட்டே இருக்கான். மனப்பாடம் பண்ணுதான்னு விட்டுட்டேம்மா. கமா, புள்ளியெல்லாம் சொன்னான்."

நாலு மணி நேரம். விடைத்தாள் வெள்ளையாகப் போனது. அந்த ஒரு தாளால் பட்டம் நின்றுபோனது.

நவம்பரில் அதே அறை. செருப்பில் கரிசல் மண் அப்பியிருந்தது. அரியர் கட்டணத்தையும் சுப்புத்தாய்தான் கட்டியிருந்தாள். வாசலில் முந்நூறு ரூபாயைத் திணித்தாள். இந்தமுறை மறுக்கவில்லை. வாங்காவிட்டால் பயந்துவிடுவாள்.

முதல் கேள்வியை வாசித்தேன். அவன் தொடங்கவில்லை.

"அன்னைக்கும் வந்தியள்லாக்கா? எல்லாரும் வரலேங்காவ. நீங்க பேசமாட்டியள்லா, அதான் அவியளுக்குத் தெரியல."

கேள்வித்தாளைக் கீழே வைத்தேன்.

"பேனா சத்தம் கேட்டுச்சு. நான் நிறுத்துனா அதுவும் நின்னுச்சு."

தட்டுவதற்குக் கை எழவில்லை.

"வரல தம்பி" என்றேன். "நான் வராட்டி காலேஜுல ஆள் போடுவாவன்னு நெனச்சிட்டேன்."

முகத்தை என் பக்கம் திருப்பினான்.

"அப்போ யாருக்கா எழுதுனா?"

பதிலுக்குக் காத்திராமல் சொல்லத் தொடங்கினான். எழுதினேன். முதல் பத்தி முடிந்ததும் நிறுத்தினான். நானும் நிறுத்தினேன்.

பேனா சத்தம் நிற்கச் சற்று நேரமானது.