பக்கத்துக் கோபுரத்துக்காரி கொடுத்த பிளேயர்

மூன்று வாரமாக ஹாஜி ஷாதானின் குருவிக் கோபுரத்தில் சத்தம் திக்கித் திக்கித்தான் வந்தது. சம்பிட் ஆற்றங்கரையில் அவர் கட்டிய அந்த மூன்று மாடிக் கோபுரத்துக்குள் உழவாரக் குருவிகள் வந்து, சூப்புக்காக நல்ல விலைபோகும் அவற்றின் கூட்டைக் கட்ட வேண்டுமானால், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கூரை ஒலிபெருக்கிகளில் குருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதை ஒலிக்கவிட்ட கம்ப்யூட்டரோ அவர் மகள் கல்லூரியில் படித்த காலத்தது. அதில் ஒலியை ஓட்டும் பிளேயர் மென்பொருள் படம் காட்டும், பட்டியல் போடும், புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும். நடுவில் மூச்சடைத்து நின்று, பிறகு ‘க்ர்ர்ர்’ என்று அலறும். வந்த குருவியெல்லாம் பக்கத்துக் கோபுரத்துக்குத் திரும்பிவிடும்.

பக்கத்துக் கோபுரம் ரூஸ்மினியுடையது. அவளே ஒரு நாள் காலை வேலியோரம் வந்து, அவரைப் ‘பாக்’, அதாவது ஐயா, என்று கூப்பிட்டுப் பென் டிரைவை நீட்டினாள்.

“பாக் ஹாஜி, இதுல ஒரு குட்டி பிளேயர் இருக்கு. பழைய மெஷினுக்குன்னே செஞ்சது. இலவசந்தான், போட்டுப் பாருங்க.”

சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று பகல் தூக்கம் பிடிக்கவில்லை.

“எட்டு வருஷமா என் குருவி மேல கண்ணு வச்சிருக்கறவ, இப்ப எதுக்குத் தானா வந்து குடுக்கறா?” என்றார் மனைவி சல்மியாவிடம்.

“நல்ல மனசுன்னு ஒண்ணு இருக்கக் கூடாதா, அபா?” என்றாள் அவள்; மகளின் அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“இருக்கலாம். அவகிட்ட இருக்காது. உள்ள வைரஸ் வச்சிருப்பா. இல்ல, சத்தத்தை இழுத்து இழுத்துப் பாட வச்சு குருவியை விரட்டுவா.”

பென் டிரைவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தானே இணையத்தில் தேடினார். ஒரு பக்கத்தில் ஐந்து பச்சைப் பொத்தான்கள் மின்னின. இருப்பதிலேயே பெரியதை அழுத்தினார். பிளேயரோடு பேர் தெரியாத இன்னும் இரண்டு மென்பொருள்கள் வந்து குடியேறின. சத்தம் என்னவோ திக்காமல் வந்தது.

அன்று மாலை குருவிகள் அடையத் திரும்பும் நேரம். கோபுரத்தின் மேலே வானம் குருவிகளால் கருத்துக் கிடந்தது. திடீரென்று பன்னிரண்டு ஒலிபெருக்கியிலும் ஒரு பெண் குரல் அதிர்ந்தது: “தொப்பை குறைய வேண்டுமா? தினமும் ஒரு கோப்பை நம் மூலிகைத் தேநீர்!” கூட்டம் அப்படியே சிதறிப் போனது. ஆற்றில் படகை நிறுத்திவிட்டு ஒருவன் கத்தினான்: “பாக் ஹாஜி, குருவிக்கு எத்தனை பாக்கெட் வேணும்?”

ஷாதான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்.

மறுநாள் பென் டிரைவோடு நேராக ரூஸ்மினி வீட்டுக்குப் போனார். “உங்க மெஷின்ல என்ன ஓடுதுன்னு நான் பாக்கணும்.”

அவள் உள்ளே கூட்டிப்போனாள். அவருடையதைவிடக் கிழட்டுக் கம்ப்யூட்டர். திரையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு சன்னல். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, நகர்கிற ஒரு கோடு மட்டும். பென் டிரைவில் இருந்ததும் அதுதானா என்று பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். அதேதான்.

“சரி இபு, இதுல உங்களுக்கு என்ன லாபம்? மறைக்காம சொல்லுங்க.” ‘இபு’ என்று, அம்மா என்கிற மரியாதையோடுதான் கேட்டார்.

“உங்க பெட்டி அலறும்போதெல்லாம் என் குருவி வெருண்டு பறக்குது. கூட்டுலேர்ந்து குஞ்சு கீழ விழுது. இந்த மாசம் மட்டும் பதினொண்ணு செத்துப்போச்சு. உங்க மேல பாசம் பொங்கி ஒண்ணும் நான் வேலியோரம் வந்து நிக்கல.”

இதை அவரால் நம்ப முடிந்தது.

வீட்டுக்கு வந்து இணைய ஒயரைக் கழற்றினார். பழையது, புதிதாய் வந்து ஒட்டியது எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சின்னப் பிளேயரைப் போட்டார். முக்காலி போட்டு நாள் முழுக்கக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு திக்கல் இல்லை. இரண்டாம் நாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் சல்மியா முக்காலியை எடுத்துப் போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் இரண்டாம் மாடி உத்தரங்களில் நாற்பது புதுக் கூடுகள். அந்த வாரமே ரூஸ்மினி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“பாக் ஹாஜி, நான் குடுத்ததோட வேற என்ன சேத்தீங்க?”

“ஒண்ணும் சேக்கலையே!”

“அப்ப என் மேல்மாடி ஏன் காலியாகிட்டு வருது?”

அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு அதை நினைத்துக் கூச்சமாக இருந்தது. கம்ப்யூட்டர் அறையைத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உள்ள வாங்க இபு. நீங்களே உக்காந்து பாருங்க.”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நண்பகல் பாங்கு ஒலிக்கும்வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்; அவள் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை. ஷாதான் அவ்வளவு நேரமும் பின்னாலேயே நின்று, அவள் கை எதை அழுத்துகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.