ஓரம் வெட்டிய சாம்பிள்

முதல் பேலின், அந்தத் துணிப் பொதியின், பிளாஸ்டிக் பட்டையைக் கத்திரி ஒரே வெட்டில் அறுத்தார். சுங்கச் சோதனைக் கொட்டகையில் சுமை தூக்குகிறவர்கள் அந்த அதிகாரிக்கு வைத்த பெயர் அது. அவர் சட்டைப் பையில் எப்போதும் கத்திரிக்கோல் இருக்கும். பேனா இருக்காது. அதை யாரிடமாவது வாங்கிக்கொள்வார். பல நாட்கள் திருப்பித் தர மறந்தும்போவார்.

“பஞ்சு அடைக்கிற கூடு. நாலாயிரம் உருப்படி. ஒரு பக்கம் தைக்காதது,” என்று டிக்ளரேஷனை வாசித்தார். “கோட் நம்பர் போட்டது நீங்கதானா ஏஜென்ட் அம்மா?”

“நான்தான் சார்.”

“பேனா குடுங்க.”

அவள் கொடுத்தாள். அவள் சுங்கப் படிவம் போட்டுக் கொடுத்த இறக்குமதியாளர் அவளுடைய அக்காவின் கணவர். குளிர்காலப் போர்வைக்கு வெளித்துணியை வரவழைத்து, தன் பட்டறையில் பஞ்சு அடைத்து விற்கிறவர். அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மூன்று பக்கம் தைத்த இந்தத் துணிக்கு எல்லாமே நான்காவது பக்கத்தில் இருக்கிறது. அது திறந்து கிடந்தால், அடைத்துத் தைக்க வேண்டிய வெறும் கூடு. அதற்கு ஒரு சுங்கக் கோட் எண். அதே பக்கத்தில் ஜிப்போ பொத்தானோ இருந்தால், கழற்றித் துவைக்கிற முழுப் போர்வை உறை. அதற்கு வேறு கோட். முன்கூட்டியே அனுமதிச் சீட்டும் வேண்டும். பின்னால் அதை என்ன செய்யப் போகிறார்கள் என்பது கணக்கிலேயே வராது. துறைமுகத்தில் வந்து இறங்கியபோது என்னவாக இருந்தது என்பதுதான் கேள்வி.

போன வருடம் திரைத்துணி ஒன்றில் அவளுக்குக் கோட் தவறிப்போய் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொன்று வந்தால் லைசென்ஸ் போய்விடும். பதினோரு வருடம் இன்னொரு ஏஜென்டின் பெயர்ப் பலகைக்குக் கீழே வேலை பார்த்து, மூன்றாவது முறை பரீட்சை எழுதித் தேறி வாங்கியது அது.

கத்திரிக்கு போன் வந்தது. “இதோ வர்றேன்,” என்று கொட்டகை வாசலுக்கு நகர்ந்தார்.

அவள் குனிந்து மேலே கிடந்த துணியைச் சும்மா தொட்டுப் பார்த்தாள். மடிப்புக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. விரலை உள்ளே விட்டாள். வரிசையாகப் பற்கள். அதன் நுனியில் ஒரு சின்ன நாக்கு.

ஜிப்.

கைப்பையிலிருந்து, அவள் பார்த்துக் கோட் போட்ட சாம்பிளை வெளியே இழுத்தாள். மூன்று பக்கம் தையல், ஒரு பக்கம் திறப்பு. மாதக்கணக்கில் அவள் மேசையில் கிடந்த அதே துணிதான். ஆனால் இப்போதுதான் அந்தத் திறப்பின் விளிம்பைப் பார்த்தாள். ஓவர்லாக் தையல் போடவில்லை. நூல் பிரிந்து தொங்கியது. கூடாகவே தைத்து அனுப்பியிருந்தால் அந்த விளிம்பைப் பிரியாமல் அடித்திருப்பார்கள். இது கத்திரிக்கோல் வெட்டு.

சாம்பிளை யாரும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக அனுப்புகிறவனே அதைக் கிழித்து அனுப்புவது வழக்கம். பெரும்பாலும் நடுவில் ஒரு ஓட்டை போடுவார்கள். இவன் அடி ஓரத்தை, ஜிப்போடு சேர்த்து, நீளமாக வெட்டி எடுத்திருக்கிறான். ஆயிரம் கிழிந்த சாம்பிள்களைப் பார்த்துப் பழகிய கண், கிழிசலை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாத கண். அந்தக் கண் வெட்டையே துணியின் திறப்பு என்று நம்பிவிட்டது.

“அத்தான், இதுல ஜிப் இருக்கு.”

“ஆமா, இருக்கு. சும்மாவே வெச்சுத் தர்றேன்னான். பஞ்சு அடைக்க வசதியா இருக்குமேன்னு விட்டுட்டேன்.”

“என்கிட்ட சொல்லலியே!”

“நீ கேக்கலியே. ஜிப்புக்கெல்லாமா உனக்குத் தந்தி அடிக்கணும்?”

“உங்களுக்குத்தான் இது கூடு. இங்க இது உறை.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு முறை வாசலைப் பார்த்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்தார். “அந்த ஆள் மேல ரெண்டை உதறிப் பாத்துட்டு விட்டுடுவாரு. மேல ரெண்டை உருவி அடியில சொருகு. மடிப்பு உள்பக்கமாத்தானே இருக்கு?”

“எல்லாத்துலயும் ஜிப் இருக்கு அத்தான். எதை எங்க சொருகுறது?”

“அப்போ வாயை மூடிட்டு நில்லு. அடுத்த வாரம் சரக்கு குடுக்கலேன்னா, போர்வைக்கு ஆர்டர் குடுத்த ஓட்டல்காரன் வேற ஆளைப் பாத்துப்பான். பட்டறையில இருபத்திரண்டு பேர் உக்காந்திருக்காங்க. உங்க அக்கா முகத்துல நீதான் முழிக்கணும்.”

அதிகாரி கண்டுபிடித்த பிறகு சொன்னால் அது பொய் டிக்ளரேஷன். அதற்கு முன்னால் தானே சொன்னால் திருத்தம். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த போன் பேச்சு மட்டும்தான். “சரி சரி, வெச்சிடறேன்,” என்ற குரல் கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

கத்திரி வந்து மேல் துணியின் இரண்டு முனைகளையும் பிடித்தார்.

“சார், உதறாதீங்க. ஒரு திருத்தம் இருக்கு.”

அத்தான் ஒரு பெருமூச்சை விட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“திருத்தமா? பேலைப் பிரிச்சாச்சும்மா. சோதனை ஆரம்பிச்சாச்சு.”

“பட்டையை அறுத்தீங்க சார். துணியை இன்னும் பிரிக்கல. உங்க படிவத்துல ‘சோதனை தொடங்கிய நேரம்’ காலியாத்தான் இருக்கு.”

அவர் அட்டையில் செருகியிருந்த படிவத்தைப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது. துணியில் கைபடாமல் அந்தக் கட்டத்தை அவர் நிரப்புவதில்லை. அது கொட்டகைக்கே தெரியும்.

“என்ன திருத்தம்?”

“இது கூடு இல்ல. உறை. அடியில ஜிப் இருக்கு. அனுமதிச் சீட்டு இல்ல.” சாம்பிளை நீட்டினாள். “நான் இதை வெச்சுத்தான் கோட் போட்டேன். ஓரத்தை வெட்டினது எனக்குத் தெரியல.”

கத்திரி அதை வெளிச்சத்தில் பிடித்தார். பிரிந்த நூல் ஒன்றை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. சுமை தூக்குகிற ஒருவர் அடுத்த பேலைத் தூக்கப் போய், பாதியில் நின்று பார்த்தார்.

“இது எப்போ உங்க கண்ணுல பட்டுச்சு?”

“இப்பதான். நீங்க போன்ல இருக்கும்போது.”

“அதுவரைக்கும் தெரியாது?”

“தெரியாது சார்.”

“இவருக்கு?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார்: “எனக்கு ஜிப் தெரியும் சார். கோட் தெரியாது.”

கத்திரியின் உதடு ஒரு பக்கம் கோணியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: பதினொன்று இருபது, ஏஜென்ட் தானாகவே திருத்தம் தெரிவித்தார். அதற்குக் கீழே, சோதனை தொடங்கிய நேரம், பதினொன்று இருபத்தைந்து. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, இருபத்தைந்து ஆகும்வரை நின்றார். அவளும் நின்றாள்.

நேரம் ஆனதும் துணியை உதறினார். ஜிப் அடி ஓரம் முழுக்க ஓடியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திறந்து, மறுபடி மூடினார்.

“அனுமதி வர்றவரைக்கும் சரக்கு இங்கதான். எவ்வளவு நாள்னு என்னைக் கேக்காதீங்க. உங்க லைசென்ஸுக்கு இதால ஒண்ணும் வராது.”

அத்தான் ஏற்கெனவே வாசல் தாண்டி, வெயிலில் போனைக் காதில் வைத்திருந்தார். அவர் சொல்வது கேட்கவில்லை. கை மட்டும் ஆடியது. பேசி முடித்து அவர் போனைச் சட்டைப் பையில் போட்ட கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. அக்கா.

கத்திரி அவள் பேனாவைத் தன் பைக்குள் செருகப் போனார்.

“பேனா சார்,” என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு, போனை எடுத்தாள்.

“சொல்லுக்கா. ஆமா. நான்தான் சொன்னேன்.”