பேஸ் கூட்டிய அமரர் ஊர்தி

கூலிம் வட்டார இந்துப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு. பூவுலகை விட்டுப் புறப்படுவோரின் கடைசிப் பயணத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த பெருங்குறையொன்று, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் நிவர்த்தி செய்யப்பட்டுவிட்டது. காளிதாசனின் வேனில் பேஸ், அதாவது பாட்டின் அடியதிர்வு, கூட்டப்பட்டது.

வேனின் பக்கவாட்டில் 'அமரர் ஊர்தி' என்று பொன்னிறத்தில் எழுதியிருக்கும். ஊரார் 'பொண வேன்' என்பார்கள். காளிதாசனுக்கு அதில் கோபமில்லை. அவன் கோபமெல்லாம் சுங்கை பட்டாணியிலிருந்து புதிதாக வந்து தொழிலில் குதித்திருந்த இன்னொரு வேன்மேல். அதில் நீல விளக்கு சுற்றும். பாட்டுப் போட்டால் அடுத்த தாமான் குடியிருப்புவரை சன்னல் அதிரும். காளிதாசனின் வேன் கூரையில் இருந்த இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களோ, 'ஓம்' என்று ஓதவிட்டால் கொசு ஏதோ கோரிக்கை வைப்பதுபோல் இரையும்.

மரண சகாயச் சங்கம் இந்த ஆண்டு முதல் உறுப்பினர் எல்லாருக்கும் ஒரே வேன் என்று தீர்மானம் போட்டிருந்தது. எந்த வேன் என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்த ஒப்பந்தம் கைக்கு வராவிட்டால் வேனை விற்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். தலைநரைத்த பிறகு, விட்டுவந்த அதே தொழிற்சாலையில், தான் வேலை பழக்கிய பையன்களுக்குக் கீழே நிற்க வேண்டும். அதை நினைத்தாலே காளிதாசனுக்குச் சோறு இறங்கவில்லை.

கூலிமில் கார் ஆடியோக் கடை வைத்திருந்த வசந்தன் வேனின் பின்கதவைத் திறந்து பார்த்துத் தாடையைச் சொறிந்தான்.

"அண்ணே, பேஸ் அடிக்கிற வூஃபர் ஸ்பீக்கர் வைக்கப் பூட்ல எடம் வேணும். உங்க பூட்லதான் ஆள் படுத்திருப்பாங்களே."

"ஆளுக்குக் கீழ வையேன்."

"பெட்டிக்கு அடியிலயா? பேஸ் அடிச்சா அவங்களுக்குத் தொந்தரவா இருக்காது?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளேன் பண்ணதில்ல லா. வை."

சவப்பெட்டி ஏறும் மேடைக்கு அடியில் வூஃபர் உட்கார்ந்தது. வேலை முடிந்ததும் வசந்தன் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்விட்சுகளைக் காட்டினான். "இது கூரை ஸ்பீக்கருக்கு. இது வூஃபருக்கு. ரெண்டும் தனித்தனி. ஒன்ன அமுக்குனா இன்னொன்னு நிக்காது."

காளிதாசன் 'ஓம்' ஓதும் ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்தான். 'ம்' என்று முடியும் இடத்தில் வயிற்றுக்குள் யாரோ உரல் உருட்டியதுபோல் இருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை, சங்கத்தின் நிரந்தரத் தலைவர் அய்யாவு காலமானார்.

பாடாங் மேஹாப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுபவர் மகனாகப் பிறந்து, மேடை என்று எதைக் கண்டாலும் ஏறிவிடும் வியாதியுடன் வளர்ந்தவர் அய்யாவு. காது குத்து, கல்யாணம், பள்ளி விளையாட்டுப் போட்டி, எதுவானாலும் 'இரண்டே வார்த்தை' என்று தொடங்குவார். பந்தியில் சோறு ஆறிப்போகும். பொன்னாடைகள் மட்டும் அவர் வீட்டு அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடந்தன. அவர் மனைவி ரமணி அதில் இரண்டைச் சன்னல் திரையாகத் தைத்துவிட்டாள்.

மறுநாள், பெட்டி எடுக்கும் முன், சங்கத்தின் துணைத்தலைவர் பரஞ்சோதி காளிதாசனை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, இன்னிக்கு ஊரே ஒன்னத்தான் பாக்குது. தலைவர் காரியம் நல்லபடியா முடிஞ்சா, அடுத்த கூட்டத்துல ஒன் பேரத்தான் சொல்லலாம்னு இருக்கேன்."

"முடிச்சிரலாம் அண்ணே."

இழவு வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அழுகைக்குத்தான் குறைவு. வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, பந்தலில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவினார்கள். பொருளாளர் தேவன் கொட்டாவியைத் துண்டால் மறைத்தார். பெட்டியருகே உட்கார்ந்திருந்த ரமணி இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் நீரில்லை. அது வேறு எதையோ தேடும் பார்வை.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மேளம், நடுவில் வேன், பின்னால் வெயில். காளிதாசன் இரண்டு ஸ்விட்சையும் போட்டான். சாலையோரக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பரஞ்சோதி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். காளிதாசனின் முதுகு தானாக நிமிர்ந்தது.

முச்சந்தியில் வேன் நின்றது. அதுவரை வீட்டைப் பார்த்திருந்த முகத்தைச் சுடலைப் பக்கம் திருப்பும் இடம் அது. பெட்டியை இறக்கி, திருப்பி, மறுபடி ஏற்றியபின் சொந்தக்காரர்கள் பொரி இறைத்து வேனைச் சுற்றி வருவார்கள். அந்த நேரம் மேளமும் கூடாது, பாட்டும் கூடாது, பேச்சும் கூடாது. காளிதாசன் ஸ்விட்சை அமுக்கிவிட்டு, பெட்டியைப் பிடிக்கப் பின்பக்கம் ஓடினான். திருப்பிய வேகத்தில் மூடி ஒரு பக்கம் மயிரிழை விலகியது. ஏற்றினார்கள். எல்லாரும் வாய் மூடினார்கள்.

"ம்ம்ம்ம்" என்றது பெட்டி.

பொரி இறைத்த கைகள் அந்தரத்தில் நின்றன. பெட்டி சற்று மூச்சு வாங்கியது. பிறகு மறுபடியும், அடித்தொண்டையிலிருந்து, "ம்ம்ம்ம்."

"தலைவரே!" என்று பரஞ்சோதி கைகூப்பினார். "ஏதோ சொல்ல வர்றாருப்பா!"

"ரெண்டு வார்த்தை," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

காளிதாசனுக்கு மட்டும் புரிந்தது. கூரை ஸ்பீக்கரை நிறுத்தியிருக்கிறான், வூஃபரை நிறுத்தவில்லை. ஓதல் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, விலகிய மூடிதான் அதில் அதிர்ந்து முனகுகிறது. ஸ்விட்ச் முன்னால் இருக்கிறது, அவன் பின்னால் நிற்கிறான். இத்தனை கண்களுக்கு நடுவே நடந்துபோய் அமுக்கி, தலைவரும் அந்த நொடியே நின்றுவிட்டால்? பிணத்தை வைத்து விளையாடினான் என்று வேனைப் புரட்டிவிடுவார்கள். கம்பெனி பஸ்கூட அப்புறம் அவனை ஏற்றாது. அவன் பின்கதவைப் பிடித்தபடியே நின்றான்.

இதற்குள் அழுகை பிடித்துக்கொண்டது. முதலில் தேவன். துண்டு இப்போது வேறு வேலைக்குப் பயன்பட்டது. "நான் ஒங்கள சரியா மதிக்கலையே தலைவரே" என்று அவர் தேம்பியதும் கூட்டமே உடைந்தது. உயிரோடிருந்தபோது அவர் பேச எழுந்தால் தண்ணீர் குடிக்கப் போனவர்களெல்லாம், இப்போது ஒரு 'ம்' விடாமல் கேட்டார்கள்.

ரமணி முன்னால் வந்தாள். கதவருகே நின்று, மூடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

பெட்டி நின்றுவிட்டது.

"பாத்தீங்களா!" பரஞ்சோதியின் குரல் உடைந்தது. "சம்சாரம் கை பட்டதும் சாந்தியாயிட்டாரு!"

கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது. அந்த இடைவெளியில் காளிதாசன் முன்னால் ஓடி இரண்டாவது ஸ்விட்சை அமுக்கினான். அவன் திரும்பி வந்தபோதும் ரமணி கையை எடுக்கவில்லை. கதவைச் சாத்த வேண்டும். அவன் தயங்கி நின்றான்.

"அமுக்கிட்டியா தம்பி?" என்றாள் அவள், மெதுவாக.

காளிதாசன் அவள் பக்கம் குனிந்தான். "அம்மா... ஒங்களுக்குத் தெரியுமா?"

"நாப்பது வருசம் அவரு பேச்ச கேட்டவ. என் கை பட்டு அவரு நிறுத்துன பேச்சு ஒன்னாச்சும் உண்டா?"

"பின்ன ஏம்மா சொல்லல?"

ரமணி கூட்டத்தைப் பார்த்தாள். வேட்டி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பரஞ்சோதியை, ரோட்டில் சப்பணமிட்டு விசும்பிய தேவனை, குழந்தையை மறந்து அழுத பெண்களை.

"காலையில இருந்து பாக்குறேன். இந்த மனுசனுக்காக ஒருத்தர் கண்ணுல தண்ணி வராதான்னு. இப்பத்தான் வந்துச்சு." அவள் கையை எடுத்தாள். அதன் பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது. சத்தமே இல்லாத அழுகை. "நீ வாயத் தொறக்காத. அவரும் தொறக்கல."

காளிதாசன் கதவைச் சாத்தினான். மிச்ச தூரம் பாட்டே போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சுடலைவரை ஊர் அழுதுகொண்டே நடந்தது.

அடுத்த மாதம் சங்கம் கூடியது. தலைவரின் கடைசி உரையைப் போற்றித் தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. அமரரைப் பேசவைத்த வேன் என்று காளிதாசனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புதிய தலைவர் பரஞ்சோதி அது தெய்வ கடாட்சம் பெற்ற வண்டி என்று நெடுநேரம் பேசினார். அவர் பேசி முடித்ததும் வேன் விஷயம் வந்தது. உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போனபிறகு தாங்கள் என்ன பேசிவிடுவோமோ என்ற கவலை, முக்கியமாகப் பொருளாளர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"தெய்வ வண்டிய தெனசரி வேலைக்கு விடறது பாவம் லா," என்றார் தேவன்.

ஒப்பந்தம் சுங்கை பட்டாணி வேனுக்குப் போனது. அதில் குளுகுளு ஏர்கோன் இருந்தது.