ஐந்தாம் நம்பர் சிரிப்பு

ஒலிப்பதிவை மூன்றாவது முறை போட்டபோதும் அந்தச் சிரிப்பு அதே இடத்தில்தான் வந்தது. முதலில் ஒரு சின்ன இழுப்பு, பிறகு மளமளவென்று ஒரு சரிவு, கடைசியில் மூச்சு முட்டி "ஐயோ போதும்" என்று ஒரு முனகல். விசாரணைக் குழுவின் மேசைமேல் இருந்த சின்ன ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி, மூன்று உறுப்பினர்கள், அவர்களுடைய தண்ணீர்ப் பாட்டில்கள், சுவரோரம் உட்கார்ந்திருந்த வானொலி நிலையத்துக்காரர்கள் என்று எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்புக்குச் சொந்தக்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஊரில் அவளுக்குச் சிரிப்பக்கா என்று பெயர். பன்னிரண்டு கிலோமீட்டர் மட்டுமே எட்டுகிற சமூக வானொலி அவர்களுடையது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. தினமும் காலை ஏழிலிருந்து எட்டு வரை அவள் கணவர் மைக் முன்னால் உட்கார்ந்து நேயர்களின் போன்களை எடுப்பார். ஊருக்கு அவர் காலை மாமா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவரைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் ஒலிக் கருவிகளைப் பார்த்துக்கொள்வாள்; மாமா ஏதாவது சொன்னால் சிரிப்பாள்; அந்தச் சிரிப்பும் ஒலிபரப்பில் போகும். மாமாவுக்காக ரேடியோ போடுகிறவர்கள் பாதி, சிரிப்புக்காகப் போடுகிறவர்கள் மீதி என்று நிலையத்தில் பேசிக்கொள்வார்கள். பதினொரு வருஷமாக ஓடுகிற வண்டி.

அதற்கு ஆப்பு வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு வந்த போன். பேசியவர் தெருத்தெருவாகக் குடிநீர் வால்வைத் திறந்துவிடுகிற ஊழியர். மறுநாள் ஆறு மணிக்குப் பதிலாக நாலரைக்கே தண்ணீர் வரும் என்று இரண்டு தெருக்காரர்களுக்குச் சொல்லத்தான் கூப்பிட்டார். அவருக்குத் திக்குவாய். "தண்ணி" என்கிற சொல்லைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தார். மாமா கொஞ்சம் பொறுத்தார். பிறகு அவரைப் போலவே திக்கிக் காட்டினார். "உங்க வாயிலயும் ஒரு வால்வு வெச்சு யாராச்சும் தொறந்து விடுங்கப்பா. உங்கள மாதிரி ரெண்டு பேர் போன் பண்ணா இந்த நிகழ்ச்சிய நாளைக்குத்தான் முடிக்கணும்" என்றார். உடனே சிரிப்பு வந்தது. அது முடியும்போதே பாட்டும் வந்தது. மறுநாள் நாலரைக்கு வந்த தண்ணீர், குடம் வைக்க ஆளில்லாமல் வந்த வழியே போனது.

வால்வுக்காரர் சண்டைக்கு வரவில்லை. முத்து முத்தான கையெழுத்தில் நாலு பக்கம் எழுதி, ஒலிபரப்புகளைக் கண்காணிக்கிற குழுவுக்கு அனுப்பிவிட்டார். அதன் கடைசி வரியைக் குழுத் தலைவி சற்றுமுன் வாசித்துக் காட்டியிருந்தார். "கேலி செய்வது எனக்குப் புதிதல்ல. அந்த அம்மா சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

வானொலி நிலையத்துக்குத் தலைவர் ஒரு பல் மருத்துவர். விசாரணைக்கு முன்னால் எல்லோரையும் படிக்கட்டில் நிறுத்தி வைத்து அவர் பாடம் நடத்தியிருந்தார். "ஒருத்தர் வாய் தவறிப் பேசினா அது அவரோட தப்பு. அவருக்கு மட்டும்தான் தண்டனை. கருவியப் பாத்துக்கிறவங்களும் சேர்ந்து சிரிச்சாங்கன்னா அது நிலையத்தோட தப்பாயிடும். லைசென்ஸ் போயிடும்மா. அதனால நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். பதட்டத்துல தானா வந்த சிரிப்புன்னு சொல்லுங்க. எத்தன பேருக்கு நான் பல் பிடுங்கறப்பவே பதட்டத்துல சிரிப்பு வந்திருக்கு." மாமாவும் தலையாட்டினார். "ஆமா, அத மட்டும் சொல்லிடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரே வரிதான். சொல்லிவிட்டால் நிலையம் தப்பும், நாற்பது தன்னார்வலர்கள் தப்புவார்கள், மாமாவின் முகமும் தப்பும்.

ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றது. அது அவள் சிரித்த சிரிப்பே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே பல் மருத்துவர் அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். ஒரு வாரம் வாயைத் திறக்க முடியவில்லை. சிரிப்பில்லாமல் நிகழ்ச்சி சப்பென்று போகிறதே என்று, அப்போது அங்கே வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் பழைய பதிவுகளிலிருந்து அவளுடைய சிரிப்புகளில் ஆறைப் பொறுக்கி எடுத்து ஆறு பட்டன்களில் ஏற்றிக் கொடுத்தார். ஒன்றாம் நம்பர் புன்சிரிப்பு, ஐந்தாம் நம்பர் வயிறு வலிக்கிற சிரிப்பு, ஆறாம் நம்பர் கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. எங்கே சிரிக்க வேண்டும் என்று மாமா முன்பிருந்தே கை காட்டுவது வழக்கம்: ஒரு விரல் தூக்கினால் சின்னது, முழுக் கையையும் தூக்கினால் பெரியது. கண்ணாடியில் விளக்கு அடிப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து அவள் முகம் சரியாகத் தெரியாது. தோளைக் கொஞ்சம் குலுக்கினால் போதும். ஒலிப்பதிவாளர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். பல் இருந்த இடம் ஆறிவிட்டது. பட்டனும் அந்த ஒரு வாரத்தோடு போயிற்று என்றுதான் மாமா நினைத்திருந்தார். அவள் பட்டனை விடவில்லை.

ஏன் விடவில்லை என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. பட்டன் இருந்தால் காதில் ஹெட்போன் வேண்டியதில்லை என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துபோனது. கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, மாமாவின் கையை மட்டும் பார்த்தால் வேலை நடந்தது. அந்த ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைத்த அமைதி வீட்டில்கூடக் கிடைக்காது. மாமா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பேச்சு ஒரு குழாய்; வீட்டிலும் ஒழுகும், தெருவிலும் ஒழுகும். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது அலுத்துவிட்டது.

"இது நீங்க எழுதுற பதிவேடு" என்று குழுத் தலைவி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "ஏழு பதினஞ்சு, ஏழு முப்பதுன்னு ரெண்டு எடத்துலயும் 'கேட்டுச் சரிபார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சிரிச்சது நீங்கதானே?"

"ஆமாங்க. வந்து, பதட்டத்துல..." என்று அவள் ஆரம்பித்தாள். மருத்துவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போது எதிர் வரிசையில் வால்வுக்காரர் கையைத் தூக்கினார். ஒரு கேள்வி கேட்கலாமா என்று சைகையில் கேட்டார். தலைவி சரி என்றதும் எழுந்து நின்றார். வெளுத்துத் தேய்த்த சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருந்தார். சொல் கிளம்பவில்லை. தாடை ஒரு பக்கமாக இழுத்தது, கண் மூடியது, விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அறையே அவருக்காகக் காத்திருந்தது. காத்திருக்க இத்தனை பேர் இருந்தும் அவருக்கு அது சுலபமாக இருந்ததாகத் தெரியவில்லை.

"நான் சொன்னதுல எது... எதும்மா சிரிப்பா இருந்துச்சு?" என்றார். கோபமே இல்லாத கேள்வி. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பதட்டம், வெட்கம், தவறு என்று எத்தனையோ பதில் அவளிடம் தயாராக இருந்தது. இந்தக் கேள்விக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"தெரியாதுங்க" என்றாள். "நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. இவர் என்ன சொன்னார்னும் தெரியாது. நான் கேக்கல."

மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது. பல் பிடுங்கியது, பட்டன் வந்தது, ஹெட்போன் கழுத்துக்கு இறங்கியது, காலையில் வந்ததும் அன்றைய பதிவேடு முழுவதிலும் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுவது எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னிக்கு இவர் முழுக் கையத் தூக்கினார். அஞ்ச அமுக்கிட்டேன். நான் சிரிச்சு நாலு வருஷம் ஆச்சுங்க." சொல்லி முடித்ததும் தொண்டையில் நின்ற முள்ளைக் காணோம்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதுபோல மருத்துவர் முகம் வெளுத்திருந்தது. அவள் கணவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் வாய் திறந்திருந்தது; அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு காட்சியை அவள் பார்த்ததில்லை.

வால்வுக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "அப்ப நீங்க என்னப் பாத்துச் சிரிக்கல" என்றார். அவர் தோள் இறங்கியது. மூன்று வாரமாக மூச்சை அடக்கி வைத்திருந்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, நின்று நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். காலையில் வால்வுக் குழிக்குள் இறங்கும்போது ரேடியோவை மேலே வைத்துக்கொள்வாராம். அந்த அம்மா சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பாராம். "நாலு வருஷமா குழிக்குள்ள நான் மட்டும்தான் சிரிச்சிட்டிருந்தேனா?"

குழுத் தலைவி பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். அறையில் முதல் முறையாகச் சிலர் லேசாகச் சிரித்தார்கள், வால்வுக்காரரும்தான். உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்து, "ஸ்டேஷன மட்டும் மூடிடாதீங்க. தெருவுக்குத் தகவல் சொல்ல வேற வழி இல்ல" என்றார். இந்த முறை ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

"நீங்க சிரிக்கலன்னா அது ஒரு பக்கம்மா" என்றார் தலைவி, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு. "கேக்கறதுக்குத்தானே உங்கள அங்க உக்கார வெச்சது?"

"ஆமாங்க" என்றாள் அவள்.

நடைக்கூடத்தில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். மாமா தண்ணீர்க் குழாய்க்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவள் பக்கம் வரவில்லை. உரிமம் போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது அவளுக்கு. அடுத்த நிமிஷமே அந்த இரண்டு அறையும் மெத்தைச் சுவரும் நினைவுக்கு வந்து, போகக் கூடாது என்று தோன்றியது. கடைசியில் கூப்பிட்டு வாசித்தார்கள். உரிமத்தில் கை வைக்கவில்லை. மாமா ஆறு மாதம் மைக் பக்கமே போகக் கூடாது. ஒரு வாரம் தினமும் காலை ஏழு இருபதுக்கு நிலையம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை அவள்தான் வாசிக்க வேண்டும். பதிவேட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. மருத்துவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்மா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு நிறுத்தம் தாண்டியது. அவர் திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"ஆறு பட்டனா?" என்றார்.

"ஆறு."

"எனக்கு எப்பவும் அஞ்சுதான் வந்துச்சு."

"நீங்க எடுத்த எடுப்புல முழுக் கையையும் தூக்குவீங்க. அதுக்கு அஞ்சு."

"ஆறு?"

"ஆறு ரொம்பப் பெருசுங்க. அந்த அளவுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல."

"கேக்காமலே சொல்றியா?" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டு பேசினார், மைக்குக்குப் பேசுகிற குரலில் அல்ல, கரகரத்த ஒரு சின்னக் குரலில். "எனக்கு ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுச்சு. இன்னும் பட்டன்தான்னு தெரியாது. நல்லதா ஒண்ணு சொன்னாலும் அதே சிரிப்பு, மொக்கையா சொன்னாலும் அதே சிரிப்பு. என்னடா இது, இவளுக்கு எதுவுமே பிடிக்கலயான்னு, மூணு மணிக்கே முழிப்பு வந்துரும். இன்னும் கொஞ்சம் காரமா போட்டா மாறும்னு பாப்பேன். மாறாது. மறுநாள் இன்னும் கொஞ்சம் காரம். அந்த மனுஷன்மேல எனக்கு என்ன கோபம்? உன் சிரிப்ப ஒரு தடவ மாத்திப் பாக்கணும்னு..." நிறுத்தினார். "உன்மேல பழி போடல. வாய் என்னோடது."

நாலு வருஷம் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பக்கம் ஒரு மனிதர் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரே கேட்டது, அவள் கேட்கவில்லை. அழ வேண்டும்போல இருந்தது. அதைவிட, இப்போதாவது தெரிந்ததே என்று பெரிய ஆறுதலாக இருந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "நாளைக்கு நான் எத்தன மணிக்கு எழுந்திரிக்கணும்?" என்றார்.

"எழுந்திரிக்க வேண்டாங்க. நான் போய்க்கறேன்."

"ஒண்ணும் யோசிக்கவும் வேண்டாம்?"

"வேண்டாம்."

"சரி" என்றார் அவர், தலையில் இருந்த மூட்டையை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்டதுபோல. ஜன்னல் கம்பியில் சாய்ந்தார். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிட்டார். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியபோது தலை அவள் தோளுக்கு வந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக, சத்தமாக வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் மருந்துக்கடை முனை வந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "இறங்கலயாக்கா?" என்றார். அவள் தோளை அசைக்காமல் மறு கையால் பையைத் திறந்து, கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் கேட்டாள். பஸ் கிளம்பியது. மருந்துக்கடையும் அவர்கள் தெருவும் பின்னால் போயின.